கொருக்குப்பேட்டை கேட்

முதல் செவ்வாய், தனகோட்டி குடித்தார்.
எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ், முந்நூறு மில்லி தண்ணீர்,
அரை மூடி எலுமிச்சை என் கைச்சேர்க்கை.
ஐந்து நிமிடத்தில் முடிக்கணும் என்றேன்.
ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஐந்து நிமிடம் ஜாஸ்தி.
மூன்றே மடக்கு.
“கல்யாணத்துல மிஞ்சின ஜூஸ் மாதிரி இருக்கு.”

அப்புறம் மூன்று மணி நேரம்
கால் மணிக்கொருதரம் அவர் முழங்கையைக் கேட்டேன்.
சிவப்பாய்ப் பதில் சொன்னது.
குழாய்களை ஐஸில் நட்டேன், அவசர அவசரமாக.
குடல் பேசும் சொல் ஒன்றுக்கு
ஆயுசு இரண்டு நிமிடம்.

இரண்டாம் செவ்வாய், வாய்க்கு ஒன்றுமில்லை.
சர்க்கரை நேராக நரம்பில்.
போன வாரத்துக் கோட்டை எதிர்ச்சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு
ஐந்து நிமிடத்துக்கொருமுறை பம்பைத் திருகினேன்:
எண்பத்தெட்டு, நூற்றுப் பத்து, நூற்று நாற்பத்திரண்டு,
ஏறிய இடத்தில் ஏறி, இறங்கிய இடத்தில் இறங்கி,
ஈர மணலில் பழைய தடம் பார்த்துக் கால்வைப்பதுபோல.
ரத்தத்தைக் கேட்டால்
இரண்டு செவ்வாயும் ஒரே செவ்வாய்.

பத்தரைக்குச் சொன்னார்:
“மேடம், வயிறு காயுது.”
நூற்று நாற்பத்திரண்டு ஓடுதே உள்ளே, என்றேன்.
“ஓடுது சரி. யார்கிட்ட சொல்லிட்டு ஓடுது?”

இன்சுலின் கணக்கு வர இருபது நாள்.
ஒரே ஆள். ஒரே சர்க்கரை.
குடித்த நாளில் கணையம் கொட்டியதில்
பாதிகூட இல்லை, ஏற்றிய நாளில்.

தாளை அவரிடம் காட்டக் கூடாது, விதி.
காட்டினேன்.
பயணப்படி வாங்க வந்தவர், ரூபாயை எண்ணாமல்
இரண்டு கோட்டையும் விரலால் ஓட்டிப் பார்த்தார்.
“இது நம்ம கொருக்குப்பேட்டை கேட்டுங்க.
ரயில் கண்ணுக்கே தெரியாது, கேட்டப் போட்டுடுவான்.
வெயில்ல நின்னு அவன் வம்சத்தையே திட்டுவோம்.
ஆனா முன் ஸ்டேஷன்லேர்ந்து அவனுக்கு போன் வந்திருக்கும்.
ரெண்டாவது வாரம் நீங்க
போன் போடாம ரயில வுட்டுட்டீங்க.”

போன்கள் இரண்டு என்று நான் சொல்லவில்லை.
குடலின் தலைமாட்டில் ஒன்று, கீழே தொலைவில் ஒன்று.
தாளில் இரண்டுக்கும் மூன்றெழுத்துப் பெயர்,
ஒன்றுக்கு வாலில் ஓர் எண்.
அடிக்கிற மணிக்கெல்லாம் கேட் இறங்கிவிடாது.
சர்க்கரை ஏறாத வேளையில்
எத்தனை முறை அடித்தாலும் கேட்காரன் அசையமாட்டான்.
சொல்லாமல் வரும் சர்க்கரைக்கோ
அரை மனசாய் எழுந்து, அரை மனசாய் இறக்குவான்.
வண்டியும் வேண்டும் அவனுக்கு,
வருகிறது என்ற சேதியும்.

எனக்குள்ளும் ஒருத்தன் இருக்கிறான்.
ஆறு வருடமாகக் கை தளர்ந்துபோனவன்.
மேல் ஸ்டேஷன் போனை எடுப்பதேயில்லை.
கீழ்க்குரலுக்கு மட்டும் இன்னமும் தலை தூக்குகிறான்.
அந்தக் குரல் மாதிரியே பேசுகிற ஊசி,
இரண்டு நிமிடத்தில் சாகாதது, வாரத்துக்கு ஒன்று,
வண்ணாரப்பேட்டை மெடிக்கலில் இருக்கிறது.
விலை கேட்டேன்.
வழக்கமான மாத்திரை அட்டை ரெண்டு கொடுங்க, என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் வண்டியிலேயே ஏறினேன்.
பின்னால் ஏழு பேர், ஒரு மீன்கூடை, ஒரு கீபோர்டு.
புறப்படும் முன் வாசல் கடையில்
இரண்டு இட்லி, வடகறி தொட்டுக்கொண்டு,
நின்றபடியே.

கேட் போட்டிருந்தது.
தண்டவாளம் இரு பக்கமும் காலி.
எல்லாம் தெரிந்த தனகோட்டி
ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு
கேட்காரனின் அம்மாவிலிருந்து ஆரம்பித்தார்.

என் விலாவுக்குக் கீழே எங்கேயோ
போன் அடித்துக்கொண்டிருந்தது.

எடுடா, என்றேன்,
உதட்டுக்குள்.